பழைய காரின் இன்ஜின் தட்டுகிறதா?

தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்காமல், விரலால் சுண்டிப் பார்க்காமல் கொள்முதல் செய்யும் மளிகைக்காரர் நம்மில் யாரும் இல்லை. நிலக்கடலையை ஒரு கை அள்ளிக் குலுக்கினாலே காய்ந்த சரக்கா, ஈரச் சரக்கா என்று சொல்லிவிடுவோம். மண்பானையை முட்டியால் தட்டி, ‘ணங்’ என்று ஒலித்தால்தான் காசை எடுக்கிறோம். காதால் சரக்குப் பார்ப்பது நம் தொழிலோடு பிறந்தது. ஆனால், தகப்பனார் காலத்துக் கார் ‘டக் டக்’ என்று சத்தம் போட்டால் மட்டும் நமக்குக் காது கேட்பதில்லை. சாவியை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொள்கிறோம்.

இரண்டு அம்பாசிடர் கார்களைப் பற்றி எழுதப் போகிறேன். ஒன்று என்னுடையது, மற்றொன்று எண்ணெய் மொத்த வியாபாரியான என் நண்பருடையது. இரண்டும் ஒரே காலத்தில் தட்டின. ஒன்று பிழைத்தது. மற்றொன்று போனதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்பாசிடரை அறியாதவர் நம்மில் இல்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி. 2014-ல் தயாரிப்பு நின்றது. பழைய பெட்ரோல் வண்டிகளில் இருப்பது 1489 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இன்ஜின். என் தகப்பனார் வாங்கியது 1965-ம் வருட மார்க் 2. விருதுநகர் சந்தைக்குப் போய் வற்றலும் மல்லியும் சாம்பிள் எடுத்து வர அதைத்தான் ஓட்டுவார். டிக்கியைத் திறந்தால் இன்றைக்கும் மிளகாய் நெடி லேசாக அடிக்கும். வீட்டில் எல்லோரும் தும்முவார்கள், ஆனால் விற்கச் சொல்லி ஒருவர்கூட வாய் திறந்ததில்லை.

(ஐம்பது வருடம் கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளை ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதிவு செய்துகொள்ள 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாடத் தேவைக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக் கூடாது. சரக்கு ஏற்ற நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளவும்.)

போடி மெட்டு ஏற்றத்தில் வந்த சத்தம்

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு போடி மெட்டுக்குப் புறப்பட்டோம். அதற்கு முந்தைய வாரம்தான் வண்டியைச் சர்வீசுக்கு விட்டு எடுத்திருந்தேன். சமவெளியில் ஒரு குறையும் இல்லை. மலையேற ஆரம்பித்து ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும், தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கியது போல ‘கிணிகிணி’ என்று சத்தம். காலை லேசாக எடுத்தால் நின்றுவிடும். அழுத்தினால் மறுபடி வரும்.

ஊர் திரும்பியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பேனட்டைத் திறந்து இரண்டு முறை உறுமவிட்டுப் பார்த்தவர், “கிராங்க் தேஞ்சு போச்சு, இன்ஜினை இறக்கணும்” என்றார். பேரிங், பிஸ்டன், போர் வேலை, கூலி எல்லாம் சேர்த்து 75,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டார். மலையேற்றத்தில் மட்டும் வந்த சத்தத்தை, நிற்கிற வண்டியில் அவர் எப்படிக் கேட்டார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. வண்டிக்கு வயதாகிவிட்டது, செலவு நியாயம்தான் என்று பணத்துக்கு ஏற்பாடு செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

நடுவில் கடைக்கு அரிசி வாங்க வந்த ஒரு பெரியவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். நாற்பது வருடம் அம்பாசிடரிலேயே கை ஊறியவர், இப்போது கண் சரியில்லாமல் தொழிலை விட்டவர். வண்டியைப் பார்க்காமலேயே கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

“சத்தம் எப்ப வருது அண்ணாச்சி? காலையில ஸ்டார்ட் பண்ணினதுமா, சூடானதுக்கு அப்புறமா? சும்மா நிக்கும்போது உண்டா, ஏத்தத்துல மட்டுமா? காலை எடுத்தா நிக்குதா, கூடுதா? ஆயில் முள்ளு எங்க நிக்குது? கடைசியா வண்டியில கை வச்சது யாரு, எதுல கை வச்சாங்க?”

நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். குளிர்ந்த இன்ஜினில் சத்தம் இல்லை. நிற்கும்போது இல்லை. ஆயில் பிரஷர் முள் எப்போதும் போல 50 பவுண்டு அருகில் நிற்கிறது. பாரம் இழுக்கும்போது மட்டும் வருகிறது, காலை எடுத்தால் நிற்கிறது. சர்வீசில் பிளக்கும் பாயிண்டும் மாற்றியிருக்கிறார்கள். “பேரிங் போயிருந்தா ஆயில் முள்ளு சொல்லிரும். இது இரும்பு தட்டுற சத்தம் இல்லை அண்ணாச்சி, நெருப்பு தட்டுற சத்தம்” என்றார்.

நெருப்பு எப்படித் தட்டும்?

சிவகாசிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மத்தாப்பு முனையில் பற்றி, வரிசையாக எரிந்துகொண்டே போகும். அணுகுண்டு வெடி ஒரே நொடியில் மொத்தமாக வெடிக்கும். இன்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவை மத்தாப்பு போல எரிய வேண்டும். பிளக்கில் பிறக்கும் பொறியிலிருந்து நெருப்பு பரவிப் பரவிப் போய் பிஸ்டனைச் சீராகக் கீழே தள்ள வேண்டும். ஆனால் உள்ளே சூடும் அழுத்தமும் அளவு மீறினால், நெருப்பு போய்ச் சேர்வதற்கு முன்பே ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாக, மொத்தமாக வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி சிலிண்டர் சுவரில் மோதும்போது எழுவதுதான் ‘கிணிகிணி’ ஓசை. இரும்போடு இரும்பு மோதவில்லை. ஆனாலும் அலட்சியமாக ஓட்டினால் ரிங் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும், கடைசியில் பிஸ்டன் தலையிலேயே ஓட்டை விழும்.

இப்படி வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் திறனைத்தான் பெட்ரோலின் ஆக்டேன் எண் என்கிறோம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைத் துளியளவு கலந்தால் இந்தத் தட்டல் அடங்குகிறது என்று 1921 டிசம்பரில் கண்டுபிடித்தார். தட்டல் அடங்கியது. ஆனால் ஊரெல்லாம் ஈய நஞ்சு பரவியது. நம் நாட்டில் 2000 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது. ‘ஈயம் போனதால்தான் பழைய வண்டி தட்டுகிறது’ என்று இன்றும் சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அக்கால அம்பாசிடர் இன்ஜின், ஆக்டேன் குறைந்த பெட்ரோலுக்கென்றே குறைந்த அழுத்த விகிதத்தில் அமைக்கப்பட்டது. இன்று பங்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலே அதற்குத் தாராளம். நல்ல பெட்ரோல் போட்டும் அந்த இன்ஜின் தட்டினால், குறை வேறெங்கோ இருக்கிறது என்று பொருள்.

நானும் பெரியவரைப் பார்ப்பதற்கு முன் இரண்டு முறை விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் போட்டேன். சத்தம் கொஞ்சம் அடங்கியது. அது குறையை மூடி மறைத்ததே தவிரத் தீர்க்கவில்லை. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தாலும் இதே சத்தம் வரும், ஏனெனில் மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் மிகக் குறைவு. மிளகில் பப்பாளி விதை கலந்தால் நமக்குக் கண்ணிலேயே தெரிந்துவிடும். இதை இன்ஜின்தான் சொல்ல வேண்டும். ஒரு பங்கில் பெட்ரோல் போட்ட அன்றைக்கே சத்தம் ஆரம்பித்தது என்றால், முதலில் டேங்கைச் சந்தேகியுங்கள்.

மறுநாள் பெரியவர் பேரனோடு வீட்டுக்கு வந்தார். பேரனின் கை, அவருடைய காது. டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாயிண்ட் இடைவெளியை கேஜ் போட்டுப் பார்த்தார்கள். இருக்க வேண்டிய அளவைவிட மிக அதிகம். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், பொறியும் சீக்கிரம் பிறக்கும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே நெருப்பு வைத்தால் அழுத்தம் எகிறாமல் என்ன செய்யும்? பாயிண்ட் தட்டுக்கு அடியில் இருந்த இரண்டு சிறிய ஸ்பிரிங்குகளில் ஒன்று அறுந்தும் கிடந்தது. வேகம் கூடக்கூடப் பொறியை முன்னே தள்ளும் எடைக்கட்டிகளைக் கட்டுக்குள் வைப்பவை அவை. ஒன்று அறுந்ததால், கேட்டதற்கு மேல் தள்ளிக்கொண்டிருந்தது.

ஸ்பிரிங் மாற்றி, பாயிண்டைச் சரிசெய்து, கைப்பிடியால் இன்ஜினைச் சுற்றி, கப்பியில் உள்ள வெட்டைக் குறிக்கு நேரே கொண்டுவந்து, ஒரு சின்ன பல்பை இணைத்து அது எரியும் இடத்தில் டைமிங்கை நிறுத்தினார்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது அதன் பீங்கான் வெள்ளையாக வெளுத்திருந்தது. கலவையில் பெட்ரோல் குறைவு, இன்ஜின் சூடாக ஓடுகிறது என்பதற்கு அடையாளம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அந்த வகையில் தட்டலுக்கு நல்லதுதான். ஆனால் பழைய கார்புரேட்டரில் கலவையை இளைக்கச் செய்யும், பழைய ரப்பர் குழாயையும் பம்ப் சவ்வையும் அரிக்கும். கார்புரேட்டரைக் கொஞ்சம் தடிப்பாகத் திருப்பிவைத்து, பெட்ரோல் குழாயையும் புதிதாகப் போட்டார்கள். ரேடியேட்டர் தூர்ந்திருக்கிறதா என்றும் பார்த்தார்கள்.

மொத்தச் செலவு ஐந்நூறைத் தாண்டவில்லை. பெரியவர் கூலி வாங்க மறுத்து, ஒரு மூட்டை அரிசியை மட்டும் அடக்க விலைக்குக் கேட்டு வாங்கிப் போனார். வண்டி அடுத்த வாரமே போடி மெட்டை முணுமுணுக்காமல் ஏறியது.

நான் செய்த தவறு

75,000 ரூபாய் மிச்சமானதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்டவர்களில் ஒருவர் என் எண்ணெய் வியாபாரி நண்பர். “என் வண்டியும் தட்டுதுய்யா, எனக்கும் அவன் இன்ஜினை இறக்கணும்னுதான் சொன்னான்” என்றார். “இறக்காதீரும், டைமிங்கைப் பாரும்” என்று நான் சொன்னேன். அவர் வண்டி எப்போது தட்டுகிறது, எப்படித் தட்டுகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியவர் என்னிடம் கேட்ட ஐந்து கேள்விகளில் ஒன்றைக்கூட நான் அவரிடம் கேட்கவில்லை.

அவர் தெருமுனைப் பையனிடம் டைமிங்கைப் பின்னே தள்ளச் சொன்னார். சத்தம் குறைந்தது. குறையத்தான் செய்யும். பொறி தாமதமானால் பிஸ்டன் மேல் விழும் அடியின் வேகம் குறையும், தேய்ந்த பேரிங்கின் ஓசையும் கொஞ்சம் தணியும். அவர் அதைக் குணமானதாக எடுத்துக்கொண்டார். ஆயில் முள் சூடானபின் இறங்கியதை மீட்டர் கோளாறு என்று நினைத்தார். இரண்டு மாதம் கழித்துத் திருநெல்வேலியில் ஒரு திருமணத்துக்குப் போகும்போது, கோவில்பட்டி தாண்டி நான்குவழிச் சாலையில் ஒரு பெரிய சத்தம். கனெக்டிங் ராடு உடைந்து, இன்ஜின் பிளாக்கின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆயில் முழுவதும் ரோட்டில். யாருக்கும் காயமில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அவர் வண்டியில் தட்டியது நெருப்பு அல்ல, இரும்பு. ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்தில் உள்ள பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருந்தது. ஆரம்பத்திலேயே நிறுத்திப் பிரித்திருந்தால், கிராங்க்கைக் கொஞ்சம் கடைந்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட்டு முடித்திருக்கலாம். அவருக்கு எஸ்டிமேட் போட்ட ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரிதான். எனக்குப் போட்டவர் சொன்னதுதான் தவறு.

பெரியவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. உட்காரவைத்து, இரும்புச் சத்தங்களை எப்படிப் பிரித்தறிவது என்று சொல்லிக்கொடுத்தார். நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன்.

பிக் எண்ட் சத்தம் கனமானது. சுத்தியலால் மரக்கட்டையைத் தட்டுவது போல இருக்கும். நடுவேகத்தில் சீராகப் போகும்போதும், காலை எடுக்கும் நொடியிலும் தெளிவாகக் கேட்கும். இன்ஜின் சூடேறி ஆயில் இளகினால் கூடும். கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் என்றால் இன்னும் ஆழமான ‘தொம் தொம்’. பாரம் இழுக்கும்போது காலடித் தகடு வரை அதிரும். இவை இரண்டிலும் ஆயில் பிரஷர் இறங்கும். மீட்டர் இல்லாத வண்டியில், ஆயில் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மெக்கானிக் தன் மீட்டரை மாட்டிப் பார்க்கலாம். ஆயில் அளவே குறைந்து இருந்தாலும், புது வண்டிக்கான மிக இளகிய ஆயிலை ஊற்றியிருந்தாலும் பிரஷர் இறங்கும் என்பதால் முதலில் அளவுக்கம்பியை இழுத்துப் பார்ப்பது நல்லது.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘லொட லொட’ என்று கேட்டு, சூடானதும் மறைந்துவிட்டால் அது தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் ஆடும் சத்தம். சூடேறி பிஸ்டன் விரிந்ததும் இடைவெளி அடைபடுகிறது. இது பதற வேண்டியதல்ல. புகையும் ஆயில் செலவும் அதிகமாகாத வரை பல வருடம் ஓடும். நிற்கும்போது கூர்மையாக இரட்டை இரட்டையாய்த் தட்டினால் பிஸ்டன் பின்னைச் சந்தேகிக்கலாம். மேலே தையல் மிஷின் ஓடுவது போன்ற ‘டிக் டிக்’ டாப்பெட் சத்தம். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. ஈயமில்லாப் பெட்ரோலில் பழைய வண்டியின் வால்வு சீட் மெல்லத் தேயும், டாப்பெட் இடைவெளி அடைபடும், சத்தமே வராது, ஒருநாள் வால்வு கருகிவிடும். அதனால் பழைய வண்டியில் சத்தமில்லாத டாப்பெட்டைப் பார்த்துத்தான் பெரியவர் பயப்படுகிறார்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க அவர்கள் செய்வது இது. இன்ஜினை மெல்ல ஓடவிட்டு, காய்ந்த மரப்பிடி உள்ள ஸ்குரூ டிரைவரின் தண்டை முதலில் இன்ஜின் இரும்பில் ஊன்றி, பிறகு முனையைப் பிளக் தலையில் சாய்ப்பார்கள். அந்தப் பிளக்குக்குப் பொறி கிடைக்காது. அப்போது சத்தம் தணிந்தால் குறை அந்த சிலிண்டரின் ராடிலோ பிஸ்டனிலோ இருக்கிறது. ஒற்றைத் தட்டு இரட்டையானால் பின். சத்தம் மாறவே இல்லையென்றால் டாப்பெட், டைமிங் செயின், அல்லது வெளியே உள்ள ஏதாவது ஒன்று. பாயிண்ட் வைத்த பழைய வண்டிக்கு மட்டுமே இது. எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் செய்தால் கருவியும் போகும், நமக்கும் ஷாக் அடிக்கும். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கைச் செய்யச் சொல்லி, நாம் பக்கத்தில் நின்று கேட்டால் போதும்.

வெளியே உள்ளவற்றைச் சொன்னேன். ஃபேன் கவசத்தில் உரசும், டைனமோ கப்பி தளர்ந்திருக்கும், வாட்டர் பம்ப் பேரிங் அரற்றும், இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்து இன்ஜினே பாடியில் இடிக்கும், மேனிபோல்டில் புகை கசிந்து டாப்பெட் போலவே ஓசை தரும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் ஓட்டிப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். நீண்ட கம்பியின் ஒரு முனையை இன்ஜினில் ஊன்றி, மறுமுனையின் கட்டைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் சத்தம் பிறக்கும் இடம் தெரியும். இதையெல்லாம் செய்யும்போது வேட்டியை இறுக மடித்துக் கட்டி, தோள் துண்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மூடிய கோடவுனுக்குள் இன்ஜினை ஓடவிட்டுப் பரிசோதிக்கக் கூடாது, அந்தப் புகை ஆளைக் கொல்லும். டீசல் இன்ஜின் மாற்றிய அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு முழுவதும் பொருந்தாது. டீசல் பிறவியிலேயே தட்டிக்கொண்டுதான் ஓடும்.

பழைய கார் வாங்க நினைக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தட்டுகிற இன்ஜினில் கனத்த ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கி விற்பவர்கள் உண்டு. முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்தால் பிஸ்டன் சத்தமும் தெரியாது. ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போங்கள். பேனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், டீ சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள்.

என் நண்பருக்கு வண்டியை எடைக்குப் போட மனமில்லை. அவருடைய கோடவுனில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. கிராங்க்கும் ஹெட்டும் சேதமில்லை, பிளாக்தான் வேண்டும். 1489 சி.சி. அம்பாசிடர் பெட்ரோல் இன்ஜின் பிளாக், உடையாதது, வாசகர்கள் யாருடைய கொட்டகையிலாவது கிடந்தால் சங்க அலுவலகத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விலை கொடுத்து வாங்கிக்கொள்வோம். போர் எந்த சைசில் இருந்தாலும் பரவாயில்லை. ஏற்றுக்கூலி என்னுடையது.